மூணு விரல் பிரவுன் (தலைப்பு மாற்றப்பட்டது, காரணம் உள்ளே)

பழைய ஸ்கோர்புக்

கிரிக்கெட் பகுதியில் இந்தியப் பந்துவீச்சாளர் சந்திரசேகரின் கை பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. போலியோவில் சூம்பிய கையாலேயே டெஸ்ட் விக்கெட்டுகளை அள்ளியவர். "வேறு ஆட்டத்தில் இப்படி யாராவது உண்டா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அங்கே பதில் எழுதினால் இழை தடம் மாறிவிடும். அதனால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

பேஸ்பாலில் ஒருவர் இருக்கிறார். மோர்டகாய் பீட்டர் சென்டெனியல் பிரவுன். 1876 அக்டோபர் 19 அன்று அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் நைஸ்வில் என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த நாடு விடுதலை அறிவித்து நூறாவது ஆண்டு அது, அதனால்தான் பெயரில் அந்த சென்டெனியல். நம்மூரில் சுதந்திரம் என்று பெயர் வைத்த மாதிரி.

சின்னப் பையனாக இருந்தபோது, உறவினர் பண்ணையில் மாட்டுத் தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் வலது கை மாட்டிக்கொண்டது. ஆள்காட்டி விரலின் பெரும்பகுதி போயிற்று, அடிக்கட்டை மட்டும் மிஞ்சியது. அந்தக் காயம் ஆறுவதற்குள் இன்னொரு முறை விழுந்தார். பன்றியைத் துரத்திப் போய் விழுந்தார் என்று ஒரு கதை, முயல் என்று ஒரு கதை. எதுவானாலும் மற்ற விரல்களும் முறிந்து கோணலாகக் கூடின. நடுவிரல் வளைந்தே நின்றுவிட்டது.

வளர்ந்ததும் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. அதனால் "மைனர்" பிரவுன் என்றும் ஒரு பட்டப்பெயர். நம்ம ஊர் மைனர் இல்லை, சுரங்கத் தொழிலாளி என்ற பொருளில். சுரங்க ஊர் அணியில் மூன்றாம் பேஸில் (ரன் எடுக்கச் சுற்றி ஓட வேண்டிய முனைகளில் ஒன்று) நின்று ஆடிக்கொண்டிருந்தவர், வழக்கமான பிட்சருக்கு (பந்து வீசுபவர்) முடியாமல் போன ஒரு நாளில் பந்தை வாங்கி வீசினார். அப்புறம் அவரை வேறு இடத்தில் யாரும் நிறுத்தவில்லை. 1901இல் டெர் ஹோட் அணி, 1903இல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், அடுத்த ஆண்டு சிகாகோ கப்ஸ்.

1906 முதல் 1911 வரை தொடர்ந்து ஆறு சீசன், ஒவ்வொன்றிலும் 20 வெற்றிக்குக் குறையவில்லை. 1906இல் 26 வெற்றி, 6 தோல்வி, இ.ஆர்.ஏ. 1.04. ஃபீல்டர் தவறால் வந்த ரன்களைக் கழித்துவிட்டு ஒன்பது இன்னிங்ஸுக்கு எத்தனை ரன் கொடுத்தார் என்ற கணக்கு இது. ஒரு முழு ஆட்டத்துக்கு ஒரே ரன். 1900க்குப் பிறகு நேஷனல் லீகில் (இரண்டு பெரிய லீகில் ஒன்று, கப்ஸ் ஆடியது) இதற்குக் கீழே யாரும் போகவில்லை.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது, விரல் போனதே அவருக்கு வரமாயிற்று என்றுதான். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

மிட்விக்கெட்

நல்ல கதை சார். ஆனால் எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அது "செத்த பந்து" காலம். ஒரே பந்தை அழுக்காகிக் கறுத்துப் போகும்வரை வைத்து ஆடுவார்கள், எச்சில் தடவி வீசுவதும் சட்டப்படி சரி. 1906இல் நேஷனல் லீக் முழுவதுக்குமே இ.ஆர்.ஏ. 2.62தான். கப்ஸ் அணியில் அந்த ஆண்டு அதிக ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடித்த ஷுல்ட்டி மொத்தமே ஏழுதான் அடித்தார். பேட்டர்கள் பட்டினி கிடந்த காலத்தில் எல்லாப் பிட்சரும் ராஜாதான்.

டீச்சரம்மா

2.62 இருக்கும் இடத்தில் 1.04 என்றால் பாதிக்கும் கீழே. தம்பி, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

மிட்விக்கெட்

டீச்சர், இதோ சேர்க்கிறேன். அதே கப்ஸ் அணியில் ஜாக் ஃபீஸ்டர் என்று ஒருவர். 1907இல் அவருடைய இ.ஆர்.ஏ. 1.15, லீகிலேயே முதலிடம். லண்ட்கிரென் 1.17. பிரவுன் 1.39. அணிக்கே அந்த ஆண்டு 1.73. இவர்களுக்கெல்லாம் எத்தனை விரல் இருந்தது? பத்தும் இருந்தது! பின்னால் நின்றவர்களைப் பாருங்கள். இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே ஷார்ட் ஸ்டாப்பில் டிங்கர், இரண்டாம் பேஸில் எவர்ஸ், முதல் பேஸில் சான்ஸ். தரையோடு போகும் பந்து எதுவும் அவர்களைத் தாண்டாது. விரலைப் பாராட்டும் முன் அந்தச் சுவரைப் பாராட்ட வேண்டும்.

பட்டறைக்காரன்

இந்த மன்றத்தில் நான் அதிகம் எழுதுவதில்லை. "வரம்" என்ற சொல்லைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது.

எனக்கு வலது கை ஆள்காட்டி விரல் முக்கால்வாசி இல்லை. 19 வயதில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ்ஸில் போனது. கோயம்புத்தூர்ப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து, டம்ளர் பிடிக்கும் கைகளைக் கவனித்தால் என் மாதிரி ஆட்கள் கண்ணில் படுவார்கள். ஊரில் சோளத்தட்டு வெட்டும் மிஷினில் விட்டவர்கள் தனி. எங்கள் யாருக்கும் 1.04 வரவில்லை.

விரல் போன கை எப்படி என்று சொல்கிறேன். முதல் ஒரு வருடம் சட்டைப் பொத்தான் போட முடியாது. மிச்சம் இருக்கும் அடிக்கட்டையில் ஏதாவது பட்டால் மின்சாரம் அடித்த மாதிரி இருக்கும், குளிர் காலத்தில் இன்னும் மோசம். பிறகு மெல்ல மெல்ல நடுவிரல் மூத்த பிள்ளை மாதிரி எல்லா வேலையையும் எடுத்துக்கொள்ளும். பேனா, ஸ்பேனர், சாவி எல்லாமே நடுவிரல். அந்தப் பையன் ஒரு உருண்டைப் பந்தை அந்தக் கையில் நிற்க வைக்கவே எத்தனை நாள் ஆகியிருக்கும் என்றுதான் நான் நினைத்தேன். அதை விட்டுவிட்டு வரம் என்கிறீர்கள்.

கோபம் இல்லை சார். சொல்லத் தோன்றியது.

பழைய ஸ்கோர்புக்

ஐயா, நீங்கள் சொன்னது சுருக்கென்று தைத்தது. வாய்க்கு வந்த சொல்லைப் போட்டுவிட்டேன். மன்னிக்கவும்.

டீச்சரம்மா

பட்டறைக்காரன் அண்ணா சொன்ன அந்த நடுவிரல் விஷயத்தில்தான் இயற்பியலும் இருக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்கு பெர்னூலி நடத்தும்போது பந்தைப் பற்றிப் பேசாமல் நான் விடுவதில்லை, இங்கே மட்டும் விடுவேனா.

சாதாரணமாக ஒருவர் பந்தைத் தோளுக்கு மேலிருந்து எறியும்போது, கடைசியாகப் பந்தை விட்டுப் பிரிவது ஆள்காட்டி விரலும் நடுவிரலும். இரண்டும் சேர்ந்து பந்தின் பின்புறத்தைக் கீழ்நோக்கி இழுக்கும். பந்து பின்பக்கமாகச் சுழன்றபடி போகும். அப்படிச் சுழலும் பந்துக்குக் காற்று கொஞ்சம் மேல்நோக்கி முட்டுக் கொடுக்கும் (மேக்னஸ் விசை). அதனால் புவியீர்ப்பு இழுக்கும் அளவுக்குப் பந்து இறங்காது. பேட்டரின் கண் இந்தக் குறைந்த இறக்கத்துக்குத்தான் பழகியிருக்கும்.

பிரவுன் கையில் ஆள்காட்டி விரல் இல்லை. அதன் அடிக்கட்டையும், வளைந்த நடுவிரலும் பந்தை உருட்டி விடுகின்றன. பின்சுழற்சி குறைகிறது, அச்சு சாய்கிறது. கர்வ் (வளைந்து இறங்கும் பந்து) வீசும்போது முன்சுழற்சியே கூடுகிறது. லெக் ஸ்பின்னரின் டாப் ஸ்பின் பந்து காற்றிலேயே பொத்தென்று இறங்குமே, அந்த மாதிரி. கிரிக்கெட்டில் தரையில் பட்டு எழும், இங்கே தரைக்கே இடமில்லை. பேட்டர் மட்டையை வைக்கும் இடத்துக்குக் கீழே பந்து போய்விடும். பந்தின் மேற்பாதியில்தான் அடிப்பார். பந்து தரையோடு உருளும்.

உருண்டால் யார் கைக்குப் போகும்? டிங்கர், எவர்ஸ். மிட்விக்கெட் தம்பி சொன்ன சுவருக்கு வேலை கொடுத்ததே அந்தப் பந்துதான். இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாது என்பது என் கட்சி.

மிட்விக்கெட்

இதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு எண் நானே தருகிறேன், எனக்கு எதிராகவே. வாழ்நாளில் 3172 இன்னிங்ஸ் வீசியவர், கொடுத்த ஹோம் ரன் 43. ஏறக்குறைய எட்டு முழு ஆட்டத்துக்கு ஒன்று. காலத்தின் தள்ளுபடி போட்டாலும் இது சாதனைதான்.

இன்னொன்று. 1903இல் கார்டினல்ஸ் 43 வெற்றி, 94 தோல்வியோடு கடைசி இடம். அங்கே டிங்கரும் இல்லை, எவர்ஸும் இல்லை. முதல் சீசன் ஆடும் பிரவுன் அங்கேயும் 2.60. ஆனால் 9 வெற்றி, 13 தோல்வி. சரி, சுவர் இல்லாமலும் ஆள் நல்ல ஆள்தான், சுவர் கிடைத்ததும் பெரிய ஆள் ஆனார் என்று வைத்துக்கொள்ளலாம்.

கரிசல்

அப்படிப்பட்ட ஆளை கார்டினல்ஸ் ஏன் விட்டார்கள்?

பழைய ஸ்கோர்புக்

அதுதான் வேடிக்கை. 1903 கடைசியில் கப்ஸின் ஜாக் டெய்லர் என்ற பிட்சருக்காக பிரவுனைக் கைமாற்றினார்கள். இரு பக்கமும் ஒரு கேட்சர் (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) கொசுறு. டெய்லர் அன்றைக்குப் பெரிய பெயர், தொடங்கிய ஆட்டத்தை முடிக்காமல் இறங்காதவர். 187 ஆட்டம் தொடர்ந்து தொடங்கி முடித்தவர். ஆனால் சீசன் முடிந்து சிகாகோவின் இன்னோர் அணியான ஒயிட் சாக்ஸோடு நடந்த தொடரில் காசு வாங்கிக்கொண்டு விட்டுக்கொடுத்தார் என்று கப்ஸ் நிர்வாகத்துக்குச் சந்தேகம். தொல்லை தீர்ந்தால் போதும் என்று தள்ளிவிட்டார்கள். தொல்லையைக் கொடுத்து பிரவுனை வாங்கினார்கள். இதைவிட லாபமான கைமாற்று கப்ஸ் வரலாற்றில் ஒன்றிரண்டு இருந்தாலே அதிகம்.

சிகாகோ குளிர்

சிகாகோவில் பதினோரு வருடமாக இருக்கிறேன், இந்த இழையில் எழுதாமல் இருந்தால் ஊர்க்காரர்கள் அடிப்பார்கள்.

இங்கே பிரவுன் என்றால் 1908தான். அதைச் சொல்ல மெர்க்கிலில் இருந்து தொடங்க வேண்டும். செப்டம்பர் 23, நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸ். ஜயன்ட்ஸ், கப்ஸ். ஒன்பதாவது இன்னிங்ஸின் கடைசிப் பாதி, 1-1, இரண்டு பேர் அவுட். முதல் பேஸில் ஃப்ரெட் மெர்க்கில், 19 வயது. மூன்றாம் பேஸில் மெக்கார்மிக். பிரிட்வெல் அடித்தார், மெக்கார்மிக் ஓடி வந்தார், ஜயன்ட்ஸ் ஜெயித்துவிட்டது என்று கூட்டம் மைதானத்தில் இறங்கிவிட்டது. விதிப்படி முதல் பேஸில் இருந்தவர் இரண்டாம் பேஸைத் தொட்டாக வேண்டும்; அதற்கு முன் பந்து அங்கே வந்துவிட்டால் அவர் மூன்றாவது அவுட், ரன்னும் சேராது. மெர்க்கில் இரண்டாம் பேஸைத் தொடாமல் பாதியில் திரும்பி ஓய்வறைப் பக்கம் ஓடினார். அந்தக் காலத்தில் பலர் அப்படித்தான் செய்வார்கள், யாரும் கேட்பதில்லை.

எவர்ஸ் கேட்டார். பந்தை வாங்கி இரண்டாம் பேஸை மிதித்து, அவர் அவுட், ரன் செல்லாது என்றார். இது அவர் திடீரென்று யோசித்தது இல்லை. மூன்று வாரம் முன்பு பிட்ஸ்பர்க்கில் இதையே அதே அம்பயர் ஹாங்க் ஓ'டேயிடம் கேட்டுத் தோற்றிருந்தார். இந்த முறை ஓ'டே கொடுத்துவிட்டார். ஆட்டம் சமன். சீசன் முடியும்போது பார்த்தால் இரண்டு அணியும் 98 வெற்றி, 55 தோல்வி! அந்த ஒரு ஆட்டத்தைத் திரும்ப ஆடியாக வேண்டும்.

அக்டோபர் 8. ஜயன்ட்ஸுக்கு கிறிஸ்டி மாத்யூசன். அந்த ஆண்டு 37 வெற்றி, கல்லூரி படித்தவர், நாடே கொண்டாடிய ஆள். கப்ஸ் ஃபீஸ்டரை இறக்கியது. மிட்விக்கெட் மெச்சிய அதே ஃபீஸ்டர். முதல் பேட்டரைப் பந்தால் அடித்தார், அடுத்தவருக்கு வாக் (அடிக்காமலே முதல் பேஸ்), கொஞ்ச நேரத்தில் டோன்லின் டபிள் (இரண்டாம் பேஸ் வரை ஓடும் அடி) அடித்து ஒரு ரன். சான்ஸ் பொறுக்கவில்லை, பிரவுனைக் கூப்பிட்டார். நியூயார்க் கூட்டம் நடுவே இருந்து அவர் நடந்து வந்தார். கொன்றுவிடுவோம் என்று மிரட்டல் கடிதங்கள் வந்திருந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

மூன்றாவது இன்னிங்ஸில் டிங்கர் டிரிபிள் (மூன்றாம் பேஸ் வரை) அடித்துத் தொடங்கி வைக்க, கப்ஸ் நான்கு ரன் எடுத்தது. ஏழாவதில் ஜயன்ட்ஸ் மூன்று பேஸும் நிரப்பியது, ஒருவரும் அவுட் இல்லை. மாத்யூசனுக்குப் பதிலாக லாரி டாயிலை மட்டை பிடிக்க அனுப்பினார்கள். அவர் மேலே தூக்கி, கேட்சர் கிளிங் பிடித்தார். அடுத்து ஒரு ரன் வந்தது, அதற்கு மேல் பிரவுன் விடவில்லை. 4-2. பிறகு இரு லீகின் முதல் அணிகளும் மோதும் உலகத் தொடரில் டெட்ராய்டையும் கப்ஸ் வென்றது. அடுத்த முறை வெல்ல 2016 ஆயிற்று. 108 வருடம்.

அந்தக் கால மைதானமான வெஸ்ட் சைட் பார்க் இருந்த இடத்தில் இன்று பல்கலைக்கழக மருத்துவ வளாகம் இருக்கிறது.

கரிசல்

முதல் இன்னிங்ஸில் வந்து கடைசிவரை வீசினாரா?

சிகாகோ குளிர்

ஆமாம். அதுதான் அவர் வேலை. ஒரு நாள் தொடங்குவார், மறுநாள் இன்னொருவர் திணறினால் நடுவில் வருவார். ஆட்டத்தைக் காப்பாற்றியதற்குக் கணக்கு எழுதும் வழக்கம் அதிகாரபூர்வமாக வந்தது 1969இல்தான். பழைய ஏடுகளைத் திருப்பி எண்ணிப் பார்த்தால் பிரவுனுக்கு 49 வருகிறது. 1911இல் மட்டும் 13, கூடவே 21 வெற்றி.

மிட்விக்கெட்

கொண்டாட்டத்துக்கு நடுவே ஒரு கரும்புள்ளி வைக்கிறேன். 1906 கப்ஸ் 116 வெற்றி, 36 தோல்வி. அந்த விகிதத்தை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. உலகத் தொடரில் எதிரே அதே ஊர் ஒயிட் சாக்ஸ், அடிக்கத் தெரியாதவர்கள் என்று பெயர் வாங்கிய அணி. பிரவுன் முதல் ஆட்டத்தில் 2-1 தோல்வி. நான்காவதில் இரண்டே ஹிட் (பேட்டர் அடித்து பேஸ் சேர்வது) கொடுத்து 1-0 வெற்றி, அது பிரமாதம். ஒரு நாள் மட்டும் ஓய்வு கொடுத்து ஆறாவதில் மறுபடி இறக்கினார்கள். இரண்டாவது இன்னிங்ஸ்கூட முடிக்காமல் வெளியேறினார், 8-3, தொடரும் போயிற்று. 1.04 எடுத்த ஆண்டிலேயே இது.

பட்டறைக்காரன்

ஒரு நாள் ஓய்வில் இறக்கியது யார் தப்பு? வேலை தெரிந்தவன் தலையில்தான் எல்லா வேலையும் விழும். எங்கள் பட்டறையிலும் அப்படித்தான்.

நேற்று இரவு உட்கார்ந்து அவர் கையின் பழைய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். "மூணு விரல்" என்பதே கணக்குப் பிழை. கட்டைவிரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல், நாலும் இருக்கின்றன, ஆள்காட்டியில் அடிக்கட்டையும் இருக்கிறது. பந்தை அந்தக் கட்டை மேலேயே உட்கார வைத்திருக்கிறார். நான் என் கட்டையில் எதையும் படவிட மாட்டேன். அந்த மனுஷன் 342 இன்னிங்ஸ் ஒரே வருடத்தில் (1909) அதன்மேல் பந்தை உருட்டியிருக்கிறார். தோல் காய்ச்சிப் போயிருக்கும், சந்தேகமே இல்லை.

டீச்சர் சொன்ன சுழற்சி எனக்குப் புரிகிறது. ஆனால் கோணல் கையில் வீசினால் பந்து கோணலாகத்தான் போகும், அதில் ஆச்சரியம் இல்லை. எங்கே போக வேண்டும் என்று அவர் நினைத்தாரோ அங்கே போனதுதான் ஆச்சரியம். அந்தக் காலத்தின் பெரிய பேட்டர் டை காப், தான் எதிர்கொண்டதிலேயே பேட்டரை நாசமாக்கும் பந்து அவருடைய கர்வ்தான் என்று சொன்னதாக ஒரு இடத்தில் படித்தேன்.

டீச்சரம்மா

அண்ணா, இந்தக் கடைசிப் பத்தியை வகுப்பில் சொல்லப் போகிறேன். அனுமதி உண்டா?

பட்டறைக்காரன்

தாராளமாக. கையையும் காட்டச் சொன்னால் வருகிறேன்.

கரிசல்

மாத்யூசன், பிரவுன் இரண்டு பேரில் யார் மேல்? சண்டை மூட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

பழைய ஸ்கோர்புக்

மூட்டிவிட்டுச் சாதுபோல் கேட்கிறீர்கள். மொத்தமாக எடுத்தால் மாத்யூசன். 373 வெற்றி, பிரவுன் 239. ஆனால் நேருக்கு நேர் என்றால் வேறு. 1905 ஜூனில் மாத்யூசன் ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 1-0 என்று வென்றார், எதிரே வீசியவர் பிரவுன். அதற்குப் பிறகு தொடர்ந்து ஒன்பது முறை பிரவுன் ஜெயித்தார். அந்த ஒன்பதாவதுதான் சிகாகோ நண்பர் சொன்ன அக்டோபர் 8. மொத்தத்தில் பிரவுன் 13, மாத்யூசன் 11, ஒன்றுக்கு முடிவு இருவர் பெயரிலும் இல்லை. வாழ்நாள் இ.ஆர்.ஏ. பிரவுன் 2.06, மாத்யூசன் 2.13.

1912இல் முட்டி போனது. கப்ஸ் கழற்றிவிட்டது, சின்சினாட்டி ஒரு வருடம். பிறகு ஃபெடரல் லீக் என்ற போட்டி அமைப்பு. 1915இல் சிகாகோ வேல்ஸ் அணிக்கு 17 வெற்றி, அணியும் முதலிடம். அந்த சீசனோடு அந்த லீக் மூடப்பட்டது, வேல்ஸ் முதலாளி கப்ஸை வாங்கினார், பிரவுனும் கப்ஸுக்கே திரும்பினார்.

சிகாகோ குளிர்

வேல்ஸுக்காகக் கட்டிய மைதானத்துக்கு கப்ஸும் குடிவந்தது. அதுதான் இன்றைய ரிக்லி ஃபீல்ட். செங்கல் சுவரும் கொடியும் பார்க்கப் போகும் யாரும் பிரவுன் இங்கே வீசினார் என்று நினைப்பதில்லை, நானும் இந்த இழைக்கு முன் நினைத்ததில்லை.

1916 செப்டம்பர் 4, தொழிலாளர் தினம், இரண்டு ஆட்டம். சின்சினாட்டியின் மேலாளராக மாத்யூசன் வந்திருந்தார். இரண்டாவது ஆட்டத்தில் அவரே பந்தை எடுத்தார், எதிரே பிரவுன். ஒருவருக்கு 36 வயது, மற்றவருக்கு 40 நெருங்குகிறது. இருவரும் கடைசிவரை வீசினார்கள். 10-8, மாத்யூசன் வெற்றி. இருவருக்கும் பெரிய லீகில் அதுதான் கடைசி ஆட்டம்.

மிட்விக்கெட்

பதினெட்டு ரன்! 1908இல் இந்த இரண்டு பேரிடமும் யாரும் எதிர்பார்க்காதது. அடித்த பந்தெல்லாம் எங்கே போயிற்றோ, டிங்கரும் எவர்ஸும் அப்போது பின்னால் இல்லை. நான் பழைய வாதத்தை மறுபடி தொடங்கவில்லை, சும்மா சொன்னேன்.

கரிசல்

அதற்கப்புறம் என்ன செய்தார்?

பழைய ஸ்கோர்புக்

சின்ன லீகுகளில் இன்னும் கொஞ்ச காலம் வீசினார். டெர் ஹோட்டுக்கே திரும்பி, அந்த ஊர் அணிக்கும் ஆடினார். பிறகு அங்கேயே பெட்ரோல் பங்க் நடத்தினார், ஏறத்தாழ கால் நூற்றாண்டு. 1948 பிப்ரவரி 14 அன்று இறந்தார். பேஸ்பால் புகழ் மண்டபத்தில் 1949இல் சேர்த்தார்கள். உயிரோடு இருக்கும்போதே சேர்த்திருக்கலாம்.

இன்னொரு செய்தி: இழையின் தலைப்பு முதலில் "விரல் போனது வரமா?" என்று இருந்தது. மட்டுறுத்துநரிடம் கேட்டு மாற்றிவிட்டேன். புதிதாக வருகிறவர்கள் மேலே இருப்பதைப் படித்தால் காரணம் தெரியும்.

பட்டறைக்காரன்

பெட்ரோல் பங்க் என்றதும் எனக்கு ஒரு சந்தேகம். குழாயின் பிடியை எந்த விரலால் அழுத்தியிருப்பார்? நான் நடுவிரலால்தான் என் வண்டிச் சாவியையே திருப்புகிறேன்.